கும்மிக்கு ஆள் வேண்டும்

முளைக்கொட்டுத் திண்ணையைச் சுற்றி என்னோடு கும்மியடித்த அக்காமார், மதினிமார், என் சோட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும்,

உங்களில் பாதிப் பேரின் விலாசம் என்னிடம் இல்லை. திருப்பூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு விசாரித்தால், "அவுக ஈரோட்டுக்கு மாறிப் போயிட்டாகளே" என்கிறார்கள். போன் நம்பரும் வருஷத்துக்கு ஒன்றாக மாறுகிறது. அதனால்தான் பத்திரிகை வழியாக, ஊரே பார்க்கும்படி எழுத வேண்டியிருக்கிறது. யார் கண்ணில் இது பட்டாலும் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

இந்த வருஷத் திருவிழா நோட்டீஸை என் தம்பி மகன் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். மஞ்சள் தாள், மேலே அம்மன் படம், கீழே நன்கொடை கொடுத்தவர்கள் வரிசை, நடுவில் நிகழ்ச்சி நிரல். காப்புக் கட்டு இருக்கிறது, பால்குடம் இருக்கிறது, அன்னதானம், மாட்டுவண்டிப் பந்தயம், ஆடலும் பாடலும் எல்லாம் இருக்கின்றன. கும்மியைத்தான் தேட வேண்டியிருந்தது. எட்டாம் நாளில் ஒரே ஒரு வரி: மாலை 6.30 மணிக்குப் பெண்கள் கும்மியடித்தல். அடுத்த வரியில் 7 மணிக்கு இன்னிசைக் கச்சேரி.

ஏழு ராத்திரி அடித்த கும்மி அரை மணி நேரமாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் விழாக் கமிட்டியில் இருக்கிற மாமா ஒருவருக்கு உடனே போன் போட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "அடிக்கிறதுக்கு ஆளு எங்க தாயீ இருக்கு? போன வருசம் மொத்தமே ஏழு பொம்பளைக நின்னாக. வட்டமே கட்டல. இருக்கிறவளுகளுக்கும் பாட்டுத் தெரியல. செல்போன்ல போட்டுவிட்டு அதுக்குத் தட்டுறாளுக. நீங்கள்லாம் வந்திருந்தா நாங்க போட மாட்டம்னா சொல்லப் போறோம்?" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவரோடு சண்டை போட்டு ஆகப் போவதும் இல்லை என்றுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

வெளியூர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு இரண்டு வார்த்தை. இராமநாதபுரம் மாவட்டம் 1985இல் மூன்றாகப் பிரிக்கப்படுவதற்கு முன் எவ்வளவு பரந்து கிடந்ததோ அவ்வளவு தூரத்திலும், மதுரை, தேனிப் பக்கங்களிலும் முளைப்பாரி உண்டு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலேயே ஆடி மாதம் முளைக்கொட்டு என்ற பெயரில் பத்து நாள் திருவிழா நடக்கிறது. அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் சிலப்பதிகாரம் இருக்கிறது. கோவலன் கண்ணகி கல்யாணத்திலேயே முளைப்பாலிகை ஏந்திய பெண்கள் வருகிறார்கள்.

பரமக்குடிக்குத் தெற்கே எங்கள் பக்கத்து முறை இது. வீட்டுக்கு வீடு நெல், சோளம், கம்பு, மொச்சை, தட்டாம்பயறு, பாசிப்பயறு என்று வாங்கி ஊறப் போடுவார்கள். உடைந்த பானையின் அடிப்பாகமோ பனையோலைக் கொட்டானோ எடுத்து, சோளத்தட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டு, கண்மாய்க் கரம்பையும் பொடித்த எருவும் கலந்து நிரப்பி, ஊறின விதையைத் தூவுவார்கள். ஊர்ப் பாரி எல்லாம் ஒரே வீட்டில், இருட்டறையில் இருக்கும். வெயில் ஒரு பொட்டுக்கூடப் படக்கூடாது. வெளிச்சம் இல்லாததால் பச்சையம் பிடிக்காமல், வெளிறிய மஞ்சள் நிறத்தில், வெளிச்சத்தைத் தேடி மளமளவென்று உயரும். அப்படி அது வளர்கிற ஏழு ராத்திரியும் திண்ணையைச் சுற்றிப் பெண்கள் கும்மியடித்துப் பாட வேண்டும். எட்டாம் நாள் தலையில் சுமந்து அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், மறுநாள் கண்மாயில் கரைப்பார்கள். அது ஆவணி மாதம். அடுத்து புரட்டாசியில் புழுதி விதைப்பு வருவதால், விதையின் முளைப்புத் திறனைப் பார்க்க முன்னோர்கள் கண்ட வழி இது என்று இப்போது படித்தவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பதினாலு வயசில் நமக்கு எந்த விதையைப் பற்றியும் கவலை இருந்ததில்லை. ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் நிற்கலாம் என்பதுதான் நமக்குப் பெரிய விஷயம்.

வயசுக்கு வந்த பிறகு நம் வாழ்க்கை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருணிக்குப் போனால் கூட ஒருத்தி வர வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசல்படிக்கு உள்ளே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் டி.வி. பார்க்கப் போனாலும் செய்தி முடிவதற்குள் அண்ணன் வந்து நிற்பான். வருஷம் முழுக்க இப்படி இருந்த வீட்டிலேயே, காப்புக் கட்டிய ராத்திரி அம்மாவே சாப்பாட்டைச் சீக்கிரம் போட்டு, "கும்மிக்கு நேரமாச்சுல்ல, கிளம்பு" என்று விரட்டுவாள். அண்ணன்காரன் வாயைத் திறக்க முடியாது. சாமி காரியம். நடுராத்திரிக்கு வீடு திரும்பினாலும் யாரும் எங்கே போனாய் என்று கேட்க மாட்டார்கள். நம்மை வெளியே விட்டது அப்பனோ ஆத்தாளோ இல்லை, அம்மன். இதை நான் பக்தியில் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

நல்ல பாவாடை தாவணி திருவிழாவுக்கு என்று பீரோவில் இருக்கும். அதைக் கடைசி நாளைக்கு வைத்துக்கொண்டு, மற்ற ஆறு நாளும் ஒருத்தி தாவணியை இன்னொருத்தி கட்டிக்கொண்டு திரிந்தோம். மேலத் தெரு மதினியின் ஊதா நிறத் தாவணி ஏழு நாளும் ஏழு பேர் தோளில் இருந்தது. சாயங்காலமே இளவட்டங்கள் திண்ணையைச் சுற்றித் தண்ணீர் தெளித்துப் புழுதியை அமர்த்திவிடுவார்கள். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி பாடி முடித்ததும் செட்டை நிறுத்தச் சொல்லிச் சத்தம் வரும். அதுதான் நமக்கு அழைப்பு. உள்வட்டத்தில் கல்யாணமானவர்கள், வெளிவட்டத்தில் நாம். வெளிவட்டம் பெரியது, அதனால் நாம்தான் எட்டி நடை போட வேண்டும், வேகமும் நம்முடையதுதான்.

அந்த அடவு இன்னும் உடம்பில் இருக்கிறதா என்று போன வாரம் அடுக்களையில் தனியாக நின்று பார்த்தேன். இருக்கிறது. வலது காலை எடுத்து முன்னால் வைக்கும்போது இடுப்பை வளைத்துக் கீழே ஒரு தட்டு. நிமிர்ந்து இடது பக்கம் திரும்பி மார்புக்கு நேராக ஒரு தட்டு. பிறகு பின்னால் அரை அடி வைத்து வெளிப்பக்கம் திரும்பி மூன்றாவது தட்டு. சின்னப் பிள்ளைகளுக்கு ஒற்றைத் தட்டு, கொஞ்சம் பழகினால் இரட்டைத் தட்டு, இந்த மூன்று தட்டு வந்துவிட்டால்தான் வெளிவட்டத்தில் இடம். உள்ளங்கையைத் தட்டையாக வைத்து அடித்தால் சப்பென்று இருக்கும். கொஞ்சம் குவித்து அடிக்க வேண்டும், அப்போதுதான் அடி வயிற்றில் கேட்கிற மாதிரி சத்தம் எழும். முதல் ராத்திரி முடிந்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் உள்ளங்கை சிவந்து வீங்கியிருக்கும். மூன்றாம் நாளுக்கு மேல் வலியே தெரியாது. கண்ணாடி வளையல் உடைந்து சிதறும், விடிந்ததும் சின்னப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போவார்கள். தட்டுவதற்கு முன் வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் பெரியவர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு வருஷமும் நாம் ஏற்றவில்லை. அந்தச் சத்தம் நமக்கு வேண்டியிருந்தது.

பாட்டெடுக்கிற அயித்தையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத மனுஷி. கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் விதை ஊறுவதிலிருந்து பாரி கரைகிற வரைக்கும் முளை ஒவ்வொரு நாளும் எப்படி வளர்கிறது என்று ஒரு ராத்திரிக்கு ஒரு படியாகப் பாடிக்கொண்டு போவாள். அவள் ஒரு அடி எடுக்க, நாம் திருப்பிப் பாட, நடுவில் தானன்னே போட்டு மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அடி. சாமி பாட்டு முடிந்த பிறகுதான் ருசியே. வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏசல் பாட்டை ஆரம்பிப்பாள். நிறுத்தத்தில் நிறுத்தாமல் போகிற பஸ் கண்டக்டர், படியில் எடை குறைக்கிற கடைக்காரர், மருமகளைப் பட்டினி போடுகிற மாமியார் எல்லோரும் பாட்டுக்குள் வந்துவிடுவார்கள். பெயர் சொல்ல மாட்டாள். அடையாளம் சொல்வாள், ஊருக்கே தெரியும். சம்பந்தப்பட்ட மாமியாரும் வட்டத்துக்குள் நின்று தன்னைப் பற்றிய பாட்டுக்குத் தானே கை தட்டிக்கொண்டிருப்பாள். வேறு எந்த இடத்திலும் அந்தப் பேச்சைப் பேசியிருந்தால் குடுமிப்பிடிச் சண்டை வந்திருக்கும்.

சிவகங்கைப் பக்கத்துக் கொல்லங்குடி கருப்பாயி ரேடியோவில் பாடியபோதும், 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் வந்தபோதும் நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு மிதப்பு இருந்தது. "அவ என்னத்தப் பாடிட்டா, நம்ம அயித்த எடுத்தா சாயங்காலம் வரைக்கும் பாடும்ல" என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கென்னவோ அது வெறும் ஜம்பம் என்று தோன்றவில்லை. ஒருத்தரை ரேடியோக்காரர்கள் கண்டுபிடித்தார்கள், ஆயிரம் பேரை யாரும் தேடி வரவில்லை. பாரதியாரே பெண் விடுதலையைப் பாட கும்மி மெட்டைத்தான் எடுத்தார். பெண்கள் கூடி நின்று சத்தமாகப் பாட ஊர் அனுமதித்திருந்த இடம் அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1989ஐச் சொல்லாமல் விட முடியுமா? அந்த வருஷம் ஜூனில் 'கரகாட்டக்காரன்' வந்தது. ஆவணிக்குள் நம்மில் பலர் பார்த்தாகிவிட்டது. பார்க்காதவர்களும் பார்த்த மாதிரி பேசக் கற்றுக்கொண்டார்கள். அந்த வருஷ முளைக்கொட்டில் சொம்பைத் தலையில் வைக்காத பிள்ளையே கிடையாது. கும்மி முடிந்து பெரியவர்கள் உட்கார்ந்ததும் நாம் பித்தளைச் சொம்பில் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்து, இளையராஜா மெட்டை வாயாலேயே போட்டுக்கொண்டு ஆடினோம். இரண்டு அடி வைப்பதற்குள் சொம்பு விழும், தாவணி நனையும், சிரிப்பு அடங்காது. "கரகம்னா சும்மாவா? ஆடுறவ பதினைஞ்சு வருசம் கழுத்தைக் குடுத்துல்ல கத்துக்கிட்டு வாரா" என்று அப்பத்தா திட்டியதும் ஞாபகம் இருக்கிறது. தொழிலாக ஆடுகிறவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பது வேறு கதை. அவர்கள் ஆட்டத்தை நாம் ஆடிப் பார்த்தால் விளையாட்டு, அவர்கள் ஆடினால் ஆயிரம் பேச்சு.

ஒரு ராத்திரியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, கும்மி உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போனது. டியூப் லைட் எல்லாம் அணைந்து, பிறையும் இல்லாத இருட்டு. பெட்ரோமாக்ஸ் ஏற்ற ஆள் ஓடினார்கள். பாட்டை நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். அயித்தை நிறுத்தவில்லை, நாமும் நிறுத்தவில்லை. முன்னால் போகிறவளின் கால் தெரியாது, கை தெரியாது. சத்தத்தை வைத்தே நடந்தோம். அப்போது எனக்கும் எனக்கு முன்னால் போனவளுக்கும் நடுவில் யாரோ ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவள் தட்டு சுத்தமாக விழுந்தது. பழகின கை. வளையல் சத்தம் இல்லை.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் வந்தபோது பார்த்தால் வடக்குத் தெருப் பெரியம்மா. இருபத்தைந்து வயசில் தாலியறுத்து, வெள்ளைச் சேலையோடு, எல்லாத் திருவிழாவுக்கும் தூரத்துத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறவர். வட்டத்தில் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை. வெளிச்சம் பட்டதும் தயங்கி விலகப் பார்த்தார். பாட்டெடுத்த அயித்தை, பாட்டை விடாமலே, போகிற போக்கில் அவர் முதுகில் கையை வைத்து வட்டத்துக்குள் தள்ளிவிட்டு நடந்தாள். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பேசிப் பார்த்தார்கள் என்றும் கேள்வி. பெரியம்மா அடுத்த வருஷமும் வந்தார், அதற்கடுத்த வருஷமும் வந்தார்.

நம் கும்மி பதினொரு மணிக்கு முடியும். சுக்கு மல்லிக் காபி, அவித்த தட்டாம்பயறு. அதன்பிறகு ஆண்களின் ஒயிலாட்டம். வாத்தியார் விசில் ஊத, இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, கையில் துணியை வீசி அவர்கள் ஆடுவதை நாம் மணலில் உட்கார்ந்து, போர்வைக்குள் முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டு பார்ப்போம். யார் யாரைப் பார்த்தோம் என்பதை இந்த மடலில் எழுதப் போவதில்லை; நம் பிள்ளைகளும் படிப்பார்கள். கடைசி ராத்திரி நாடகம். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிகிறவரை போகும். நாரதர் வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவோம், பபூன் வந்தால் மட்டும் எழுப்பச் சொல்லி வைப்போம். ரெக்கார்டு டான்ஸ் வந்த வருஷம் நம்மை உள்ளே விடவில்லை. பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் செங்கல் அடுக்கி ஏறிப் பார்த்தோம். பெரிதாக ஒன்றும் இல்லை. நம்முடைய மூன்று தட்டு அதைவிடக் கஷ்டம்.

எல்லாமே தேனும் பாலுமாக இருந்தது என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். மாதவிலக்கு வந்துவிட்டால் பாரி வீடு இருக்கிற தெருவுக்குள்ளேயே போகக்கூடாது. ஒரு வருஷமாகக் காத்திருந்துவிட்டு, இரண்டாம் நாளே 'வீட்டுக்குத் தூரம்' என்று கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, கைத்தட்டலைக் காதால் மட்டும் கேட்டு அழுதவர்கள் நம்மில் எத்தனை பேர்! பாரி சரியாக முளைக்காவிட்டால், எந்த வீட்டுப் பாரி அது, அந்த வீட்டுப் பெண் தீட்டோடு வந்தாளா என்று ஊர் விசாரணை நடக்கும். எலி கடித்திருக்கலாம், விதை புழுத்திருக்கலாம். அதையெல்லாம் யாரும் கேட்டதில்லை.

இன்னொன்று. கண்மாய்க் கரைமேல் நின்று நம் கும்மியைப் பார்த்துக்கொண்டிருந்த காலனிப் பிள்ளைகள் நம் வட்டத்துக்கு வந்ததே இல்லை. வர விட்டதும் இல்லை. அவர்களுக்குத் தனி முளைக்கொட்டு, தனித் திண்ணை, வேறு மாதம். அங்கே பாட்டெடுக்கிற அக்காவின் குரல் காற்று இந்தப் பக்கம் வீசினால் நமக்குக் கேட்கும். நம் அயித்தையே நின்று கேட்டு, "இந்த மெட்டு நம்மகிட்ட இல்லையே" என்று சொல்லியிருக்கிறாள். கண்மாய் ஒன்றுதான், இரண்டு பாரியும் அதே தண்ணீரில்தான் கரைந்தன. ஊர் நினைவுகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படி எழுதப் பிடிக்கவில்லை.

பிறகு நாம் சிதறினோம். முதலில் கல்யாணம், பதினேழு பதினெட்டில். அதற்குப் பின்னால் வந்த பிள்ளைகளை மில்லுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் கூட்டிப் போனார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று சுமங்கலித் திட்டம் வந்த காலம். ஹாஸ்டல் கேட்டைப் பூட்டி வைத்திருந்த இடத்தில் முளைக்கொட்டுக்கு லீவு கேட்டால் யார் கொடுப்பார்கள்? என் சித்தி மகள் அப்படி ஒரு மில்லில் இருந்தாள். காப்புக் கட்டிய ராத்திரி, ஷிப்ட் முடிந்து வந்து, ஹாஸ்டல் மொட்டை மாடியில் நம் பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து சத்தம் வராமல் கும்மியடித்தார்களாம். விரல் நுனிகளை மட்டும் தட்டி. வார்டனுக்குக் கேட்டால் வம்பு. மில்லை விட்டவர்கள் பனியன் கம்பெனிக்குப் போனார்கள், சிலர் சென்னைக்கு, இரண்டு பேர் வளைகுடாவுக்கு. நம் ஊரில் மழை பொய்த்து, கருவேலம் மண்டி, வயல்களே குறைந்த பிறகு விதை பார்க்கிற சடங்குக்கு மட்டும் ஆள் எங்கிருந்து வரும்?

ஆகவே கமிட்டிக்காரர்கள் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குப் போனதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அதற்கு அனுமதி கேட்டு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு ஊர் ஊராக மனு போடுகிறார்கள். பணம் வசூலிக்கிறார்கள், மேடை போடுகிறார்கள், ஓடியாடி வேலை செய்கிறார்கள். கும்மிக்கு மேடை வேண்டாம், கோர்ட் அனுமதி வேண்டாம், ஒரு ரூபாய் செலவு இல்லை. கைகள் மட்டும் வேண்டும். அந்தக் கைகளை நாம் கொடுக்கவில்லை என்றால் பென்டிரைவ் பாடத்தான் செய்யும். நாம் பணம் அனுப்புகிறோம், நோட்டீஸில் நம் வீட்டுக்காரர் பெயர் வருகிறது. பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் வாங்கியதே அந்தப் பணத்தில்தான் என்று மாமா சொன்னார். கும்மியை அமுக்குகிற சத்தத்துக்கு நாமே காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என் மகளுக்குப் பதினாறு வயசு. ராத்திரி பத்து மணிக்கு அவளை வெளியே அனுப்ப எனக்கும்தான் பயமாக இருக்கிறது. டியூஷன் முடிந்து வர எட்டு மணியானால் வாசலில் நிற்கிறேன், என் அம்மா நின்ற மாதிரியே. அவள் ஆட மாட்டாள் என்று இல்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்து, தனியாக ஆடுகிறாள். நன்றாகவே ஆடுகிறாள். ஆனால் முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி, எதிரே பாட்டி, பக்கத்தில் அடுத்த தெருப் பெண் என்று நாற்பது பேர் ஒரே அடியில் விழுகிற அந்தச் சத்தத்துக்குள் அவள் ஒரு தடவைகூட நின்றதில்லை. உங்கள் பெண்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்த வருஷம் கடைசி நாளுக்குக் கார் வைத்து வந்து, பாரியோடு போட்டோ எடுத்துக்கொண்டு, சாயங்காலமே திரும்ப வேண்டாம். ஏழு ராத்திரியும் முடியாவிட்டால் சனி, ஞாயிறு இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். மருமகளை, மகளை, கொழுந்தியாளைக் கூட்டி வாருங்கள். அவர்களுக்குத் தட்டத் தெரியாது என்றால் ஒற்றைத் தட்டிலிருந்து நாமே சொல்லிக் கொடுப்போம். நமக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். மூட்டு வலிக்காரர்கள் உட்கார்ந்து பாடட்டும், பாட்டுக்குத்தான் பெரிய பஞ்சம். அயித்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். விதைப் பாட்டின் முதல் மூன்று நாள் எனக்கு முழுசாகத் தெரியும், நாலாம் நாளிலிருந்து தட்டுத் தடுமாறுகிறது. ஊதாத் தாவணி மதினி, உங்களுக்கு மிச்சம் தெரியும் என்று நம்புகிறேன். நீங்கள் எங்கே இருந்தாலும் வர வேண்டும்.

கமிட்டியில் இரண்டு விஷயம் பேசியிருக்கிறேன். கும்மி நடக்கிற நேரத்தில் ஸ்பீக்கர் நிற்க வேண்டும், மாமா சம்மதித்துவிட்டார். மாதவிலக்கு என்று எந்தப் பிள்ளையையும் வட்டத்தை விட்டு ஒதுக்கக் கூடாது என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, பாரி வீட்டு அப்பத்தாவிடம் பேசிக்கொள் என்றார். பேசப் போகிறேன். நீங்களும் கூட நின்றால் நல்லது. கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் பாட்டெடுத்த அக்கா இன்னும் இருக்கிறார். அவரையும் கூப்பிடப் போகிறேன். யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும், நமக்குப் பழக்கம்தான்.

'ஏழு பொம்பளைக நின்னா வட்டம் கட்டாது' என்று மாமா சொன்னாரே, அதற்கு மட்டும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை ஆடும்போது மாதரி நிறுத்தி வைத்தது ஏழு பெண்களைத்தான், ஏழு சுரத்துக்கு ஏழு பேர். அதே மதுரைச் சீமையில்தான். ஏழு பேர் போதும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் நாற்பது பேர் வந்தால்தான் வெளிவட்டம் கட்டும்.

வருகிற ஆவணி இரண்டாம் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுங்கள், தங்க நம் வீடு இருக்கிறது. பரமக்குடியிலிருந்து கடைசி டவுன் பஸ் இப்போதெல்லாம் எட்டரைக்கே கிளம்பிவிடுகிறது.

இப்படிக்கு,
கீழத் தெரு, வேப்பமரத்து வீட்டுப் பிள்ளை